தண்ணீர் லாரியில் நீல விளக்குப் பொருத்தலாமா?

கேள்வி – காவேரிப்பட்டணம் ஓட்டுநர்

வணக்கம். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-இன் நடுத்திட்டில் உள்ள அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் டேங்கர் லாரியை ஓட்டுகிறேன். மற்ற வண்டிகள் விரைந்து செல்லும் வலதுபுறத் தடத்திலேயே 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் விடியற்காலைப் பனிமூட்டத்தில் பின்னால் வந்த பேருந்து ஒன்று டேங்கருக்கு இரண்டு முழ தூரத்தில்தான் நின்றது. குழாயைப் பிடித்திருந்த பையன் நடுத்திட்டின் மேல் தாவியதால் பிழைத்தான். கனடாவில் பனி அகற்றும் லாரி ஓட்டும் என் அக்காள் மகன், அந்த வண்டியில் நீல விளக்கு மின்னுவதைக் காணொளியாக அனுப்பியிருக்கிறான். அதே விளக்கை நானும் வாங்கிப் பொருத்தலாமா?

பதில் 1 – தருமபுரி

ஐயா, நீலம் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108-ஆம் விதி சிவப்பு, நீலம், வெள்ளை விளக்குகளைக் கட்டுப்படுத்துகிறது. 2017 மே மாதம் முக்கியப் பிரமுகர்களின் கார்களிலிருந்தே சுழல்விளக்குகள் அகற்றப்பட்டன. காவல், தீயணைப்பு போன்ற அவசரப் பணிகளுக்கே அந்த நிற விளக்குகள் ஒதுக்கப்பட்டன. சாலைப் பணி வண்டிகளுக்கு வழக்கமாகப் பொருத்துவது ஆம்பர் எனும் செம்மஞ்சள் விளக்குத்தான். ஒப்பந்ததாரர் மூலம் சாலைப் பொறியாளரிடம் எழுத்துவழி அனுமதி பெற்றுக்கொண்டு அதைப் பொருத்துங்கள்.

பதில் 2 – ஒன்டாரியோ (சொந்த ஊர் பாலக்கோடு)

அண்ணா, இங்கே பனி அகற்றும் வண்டிக்கு நீல விளக்கைச் சட்டமே அனுமதிக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 2016 முதல் பச்சை விளக்கும் அனுமதிக்கப்பட்டது. ஊருக்கு ஊர் நிறம் மாறினாலும் நோக்கம் ஒன்றுதான்: முன்னே மிக மெதுவாக ஒரு வண்டி போகிறது என்பதைப் பின்னால் வருபவர் முன்கூட்டியே உணர வேண்டும். நீங்கள் 10-லும் அவர் 80-லும் சென்றால், இருவருக்கும் இடையே உள்ள நூறு மீட்டர் ஐந்தே நொடியில் தீர்ந்துவிடும்.

இங்கே நாங்கள் படும் இன்னொரு தொல்லையையும் சொல்கிறேன். வண்டியின் முன்னே பனியைத் தள்ளும் கலப்பை வாரிவிடும் பனித்தூள் வண்டியின் பின்புறமே வந்து அப்பிக்கொள்கிறது, எல்.இ.டி. விளக்குகள் பழைய குண்டு பல்புகளைப் போலச் சூடாவதில்லை என்பதால் அது உருகாமல் ஒளியை மறைத்துவிடுகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இறங்கித் துடைக்கிறோம். உங்களுக்குப் பனித்தூளுக்குப் பதில் புழுதியும் சேறும்.

பதில் 3 – தொப்பூர், மீட்பு வண்டி ஓட்டுநர்

கணவாய் இறக்கத்தில் பழுதான லாரிகளை இழுக்கும் வேலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கேபின் மேல் மட்டும் விளக்கு வைத்தால் டேங்கரின் முதுகு அதை மறைத்துவிடும். பின்னால் வருபவருக்குத் தெரியாது. டேங்கரின் பின்விளிம்பில், மேல்மூலைக்கு ஒன்றாக இரண்டு பொருத்துங்கள். மிகப் பிரகாசமான விளக்கு இரவில் கண்ணைக் கூசச் செய்து, பக்கத்தில் நிற்கும் பையனையே மறைத்துவிடும் என்பதால் இரவுக்கு ஒளியைக் குறைக்கும் வசதி இருப்பது நல்லது. தண்ணீர் விடும்போது மட்டும் எரியவிட்டு, காலி டேங்கருடன் திரும்பும்போது அணைத்துவிடுங்கள். எப்போதும் மின்னிக்கொண்டே போகும் வண்டியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பனிமூட்டம் விலகாத நேரத்தில் எந்த விளக்கும் போதாது, வெயில் ஏறிய பின் வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. செம்மஞ்சள் விளக்கு இரண்டும், பையனுக்கு ஒளிரும் பட்டை வைத்த மேலங்கியும் வேண்டுமென்று இன்றே ஒப்பந்ததாரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விடியற்காலை வேலையை எட்டு மணிக்கு மாற்றவும் கேட்டிருக்கிறேன்.