குழந்தைகள் செய்யும் பூச்சாடியில் தண்ணீர் தங்க என்ன வழி?

கேள்வி

வணக்கம். வசந்த காலத்தில் தோட்டம் பூக்கத் தொடங்கியதும், என் ஐந்து வயது மகளும் ஒன்பது வயது மகனும் தாங்களே ஒரு பூச்சாடி செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். தடித்த அட்டைக் குழல் ஒன்றின் அடியில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டி, வெளிப்புறம் முழுவதும் அக்ரிலிக் வண்ணம் பூசி, இரண்டு நாள் உலரவிட்ட பிறகே தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலையில் அடிப்பகுதி ஊறிக் கழன்று, மகள் தீட்டியிருந்த வண்ணத்துப்பூச்சியோடு சாடி மேசைமேல் சரிந்து கிடந்தது. அவள் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை. தண்ணீர் தாங்குவதாகவும், அதே சமயம் முக்கால்வாசி வேலையை நான் செய்துவிட்டுக் குழந்தைகளை வேடிக்கை பார்க்க வைக்காததாகவும் ஏதேனும் செய்முறை உண்டா?

மறுமொழி 1

நீங்கள் வெளிப்புறத்தில் வண்ணம் பூசினீர்கள்; தண்ணீர் நின்றதோ உட்புறத்தில். அட்டை என்பது காகித நார்களின் அடுக்கு. வெட்டுவாய் எங்கே திறந்திருக்கிறதோ அங்கிருந்து அந்த நார்கள் நீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே போகும். உள்ளேயும் வண்ணம் பூசியிருந்தால் இன்னும் சில மணி நேரம் தாங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

எனவே சாடியை இரண்டு பொருள்களாகப் பிரித்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. தண்ணீரைத் தாங்குவது உள்ளே நிற்கும் சிறிய கண்ணாடிக் குப்பியின் பொறுப்பு. அதைச் சுற்றி நிற்கும் உறை மட்டுமே குழந்தைகளின் படைப்பு. இப்படிப் பிரித்த பிறகு உறையை அட்டையிலும் செய்யலாம், துணியிலும் செய்யலாம். அது கோணலாக வந்தாலும் பூவுக்கு ஒரு குறையும் இல்லை. உறையைக் குப்பியோடு ஒட்டிவிடாமல் கழற்றக்கூடியதாக விட்டால், குப்பியைக் கழுவும்போது அவர்களுடைய ஓவியம் நனையாது. உங்கள் பழைய அட்டைக் குழலின் அளவில் இன்னொன்று இருந்தால், அடியை ஒட்டாமல் அப்படியே குப்பியின்மேல் கவிழ்த்துவிடலாம்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு மிகவும் பிடிக்கும் வேலை நூல் சுற்றுவது. அட்டைக் குழலின்மேல் இருபுறமும் ஒட்டும் நாடாவை நெடுக்குவாட்டில் நான்கைந்து இடங்களில் ஒட்டிக் கொடுங்கள். ஈரப்பசை தேவையில்லை, விரல்களும் பிசுபிசுக்காது. நீங்கள் குழலை மெல்ல உருட்ட, அவள் கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டே வந்தால் போதும். இடைவெளி விழுந்தால் விழட்டும். அதைத் திருத்தப் போகும் பெரியவர்களின் கைதான் இங்கே தொல்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பல ஆண்டுகளாகக் கைவினை வகுப்பு எடுப்பவன் என்ற முறையில், ஒன்பது வயது மகனுக்கு ஏற்ற ஒன்றைச் சொல்கிறேன். அவனுக்கு நூல் சுற்றுவது விரைவில் சலித்துவிடும். காகிதப் பட்டைகளைப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் உறையைக் கொடுத்துப் பாருங்கள். குப்பியைவிடச் சற்று அகலமான குவளை ஒன்றின்மேல் நெகிழித் தாளைச் சுற்றிவிட்டு, செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்த பட்டைகளை மூன்று அல்லது நான்கு அடுக்குகளாக ஒட்டச் சொல்லுங்கள். கிழித்த ஓரம் மெலிந்திருப்பதால் அடுத்த பட்டையோடு படிந்து ஒட்டும். கத்தரித்த ஓரம் வரம்பு போலத் தெரியும். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்ட வேண்டும். பொறுமை இழந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், மாவுப் பசையாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பலர் இதற்குப் பலூனைப் பயன்படுத்துவார்கள். உங்கள் வீட்டில் நான் அதைச் செய்யமாட்டேன். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடியவை.

காற்றில் உலரும் களிமண்ணைப் பற்றியும் ஒரு சொல்: சூளையில் சுடாத அந்த மண் எவ்வளவு காய்ந்தாலும் மீண்டும் நனைந்தால் இளகும். மேலே மெருகெண்ணெய் பூசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றே மகள் ஒரு குழலை மஞ்சள் நூலால் சுற்றி முடித்துவிட்டாள். மகனுடைய உறை இரண்டாம் அடுக்கில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒரே சிக்கல், குப்பி சிறியதாக இருப்பதால் நீண்ட தண்டுள்ள டூலிப் பூக்களை வைத்ததும் சாடி ஒரு பக்கமாகச் சாய்கிறது. பெரிய குப்பிக்கு மாற வேண்டுமா?

மறுமொழி 3

மாற வேண்டியதில்லை, தண்டைக் குறையுங்கள். பூக்களின் மொத்த உயரம் சாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு அளவில் இருந்தால் பெரும்பாலும் சாயாது. குப்பியின் அடியில் கூழாங்கற்களைப் போட்டால் கனமும் கூடும், தண்டுகளும் நகராது. கற்களைக் கழுவி ஒவ்வொன்றாகப் போடும் வேலையை மகளிடமே விடலாம். டூலிப் மட்டும் ஒரு விந்தையான பூ. வெட்டிய பிறகும் தண்டு வளரும், வெளிச்சத்தை நோக்கி வளையும். ஆகவே இரண்டு நாள் கழித்து அது மறுபடி சாய்ந்தால் பிள்ளைகளின் சாடியைக் குறை சொல்லாதீர்கள்.

தோட்டத்தில் டஃபோடில் பூ இருந்தால் அதைத் தனிக் குப்பியில் வையுங்கள். புதிதாக வெட்டிய அதன் தண்டிலிருந்து வடியும் கொழகொழப்பான சாறு, அதே நீரில் நிற்கும் டூலிப்பை வாடச் செய்யும். பிள்ளைகளின் தோலிலும் எரிச்சலை உண்டாக்கலாம் என்பதால், அந்தத் தண்டுகளை நீங்களே வெட்டிக் கொடுங்கள். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அப்போதுதான் உறை கழல வேண்டியதன் அருமை தெரியும். மகனுடைய உறை காய்வதற்குள் குப்பி அதில் எளிதாக ஏறி இறங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.