படிச்ச புக்குக்கு ஸ்டார் போட்டு மாட்டிக்கிட்ட கதை: உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

பின்அட்டை:

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன், அப்புறம் நீங்க ஆரம்பிங்க. நான் 2014-லேர்ந்து படிக்கிற புக்கையெல்லாம் குட்ரீட்ஸ்னு படிச்ச புக்கைக் குறிச்சு வைக்கிற ஒரு வெப்சைட்ல ஏத்திட்டு வர்றேன், ஏத்துறதோட நிக்காம ஸ்டாரும் போட்டுடுவேன். அங்க ஒவ்வொரு ஸ்டாருக்கும் ஒரு அர்த்தம் வச்சிருக்காங்க. ஒண்ணுன்னா பிடிக்கலை, ரெண்டுன்னா ஓகே, மூணுன்னா பிடிச்சது, நாலுன்னா ரொம்பப் பிடிச்சது, அஞ்சுன்னா பிரமாதம். அதாவது ரெண்டு போட்டா திட்டுன மாதிரி இல்ல, பரவாயில்லப்பான்னு சொன்ன மாதிரி. நானும் அதை அப்படியே நம்பி போட்டுட்டிருந்தேன். அரை ஸ்டார் போடவும் அங்க வழி கிடையாது, ரெண்டா மூணான்னு முடிவு பண்ணியே ஆகணும்.

எங்க ஊர்ல ஒருத்தர், ரிட்டயர் ஆனவர், சொந்தக் காசைப் போட்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு கொண்டு வந்தார். நானும் ஒண்ணு வாங்கினேன். பன்னெண்டு கதையில ரெண்டு நிஜமாவே நல்லா இருந்துச்சு, மத்ததெல்லாம் சுமார். சரி ஓகே தானேன்னு ரெண்டு ஸ்டார் போட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டே பேர் போட்டிருந்தாங்க, ரெண்டும் அஞ்சு. 5.00-ன்னு கம்பீரமா நின்ன சராசரி என்னால 4.00 ஆயிடுச்சு. நானோ என் போட்டோ, ஊர் எல்லாம் போட்டு ப்ரொஃபைல் வச்சிருக்கிற ஆளு.

மூணு மாசம் கழிச்சு ஒரு கல்யாணம், பந்தியில பக்கத்து இலையில யாருன்னு பாத்தா அவரே தான். சாம்பார் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ரசம் ஊத்தும்போது மெதுவா "தம்பி, அந்த ரெண்டு யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியும்"னார். நான் "ஐயா அங்க ரெண்டுன்னா ஓகேன்னு அர்த்தம்"னு விளக்க ஆரம்பிச்சேன், எனக்கே அது கேக்க சகிக்கல. "நம்ம ஊர்ல ரெண்டுன்னா ரெண்டு தான் தம்பி"ன்னு சொல்லிட்டு அப்பளத்தை நொறுக்கினார் பாருங்க. அன்னிக்குப் பாயசம் வேற அருமையா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்குத் தொண்டையில இறங்கல.

அதுலேர்ந்து உள்ளூர்க்காரங்க புக்குன்னா படிச்சு முடிச்ச தேதி மட்டும் தான், ஸ்டார் கிடையாது.

மூணாங்காப்பி:

நான் எதையும் எழுதி வைக்கிற ஆளே இல்ல பாஸ். அதனால என்ன ஆச்சுன்னா ஒரே புக்கை 2018, 2020, 2023-ன்னு மூணு சென்னைப் புத்தகக் காட்சியில மூணு தடவை வாங்கியிருக்கேன், மூணு தடவையும் அட்டை வேற வேற. இன்னும் படிக்கல. இப்போ கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு அலமாரியை செல்லுல போட்டோ எடுத்துட்டுப் போறேன், எனக்கு டிராக்கிங்னா அவ்ளோதான்.

கிளை நூலகத்து அக்கா:

நான் கிளை நூலகங்கள்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. நீங்கல்லாம் ஆப்புல பண்றதை எங்க வாசகர்கள் பென்சில்ல பண்ணிட்டிருந்தாங்க தம்பி. புக்கோட கடைசிப் பக்கத்தைத் திருப்பினா போதும், "அருமை", "மகா போர்", "முதல் 60 பக்கம் பொறுத்துக்கொள்ளவும்"னு வரிசையா இருக்கும். ஒருத்தர் எழுதினதுக்குக் கீழ இன்னொருத்தர் "உனக்கு என்ன தெரியும்"னு பதில் போட்டிருப்பார். துப்பறியும் நாவல்னா முதல் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு எழுதி வைக்கிற பாவிங்களும் உண்டு. ரூல்படி புக்குல கிறுக்கக் கூடாது, நானும் போர்டு எழுதி மாட்டியிருக்கேன். ஆனா புதுசா வர்ற வாசகர் என்கிட்ட வந்து நல்லா இருக்குமான்னு கேட்க மாட்டார், நேரா கடைசிப் பக்கத்தைத் தான் பார்ப்பார். இல்லேன்னா ஒட்டியிருக்கிற தேதித் தாளைப் பார்ப்பார், சீல் குத்த இடமில்லாம ரெண்டாவது தாள் ஒட்டியிருந்தா உடனே எடுத்துக்குவார்.

இதுல பெரியவங்க பண்றது தனி ரகம். படிச்ச புக்கையே திரும்ப எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு பக்கம் வச்சிருப்பாங்க, அந்தப் பக்க நம்பர் கிட்ட ஒரு சின்னக் குறி. ஒருத்தர் 25-ம் பக்கத்துல புள்ளி, இன்னொருத்தர் 40-ல சின்னதா ஒரு டிக். அலமாரி முன்னாடி நின்னு புக்கை எடுப்பார், அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பார்ப்பார், புள்ளி இருந்தா வச்சிட்டு அடுத்தது. ஒரு புக்குக்கு அஞ்சு செகண்டு. சீர்காழிக்காரர் ரங்கநாதன் ஐயா 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார் இல்லையா, அதுல நாலாவது வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறது. அந்தப் புள்ளி அதைத்தானே பண்ணுது, எனக்கு ரப்பர் எடுத்து அழிக்க மனசே வராது.

ஒரு நூலகத்துல ரெண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் பழக்கம் இல்ல, ஒருத்தர் காலையில வருவார் இன்னொருத்தர் சாயந்திரம். காலைக்காரர் ஒருநாள் என்கிட்ட வந்து "அம்மா எனக்கு ஞாபகம் தப்புதுன்னு நினைக்கிறேன், படிச்சதா புள்ளி இருக்கு, ஆனா கதை ஒரு வரி கூட ஞாபகம் வரல"ன்னு கண் கலங்கிட்டார். டாக்டர்கிட்ட போகணும்னு வேற சொல்றார். எனக்கு சந்தேகம் வந்து சாயந்திரக்காரரைக் கவனிச்சேன், அவரும் அதே 33-ம் பக்கம், அதே புள்ளி! ஏறக்குறைய ஒரு வருஷமா அவர் படிச்சதையெல்லாம் இவர் தான் படிச்சதா நினைச்சு ஒதுக்கி வச்சிருக்கார், அவரும் அப்படியே. ரெண்டு பேரையும் ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி உக்கார வச்சுப் பேசி, சாயந்திரக்காரர் முக்கோணத்துக்கு மாறிக்கிட்டார். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கப் போவாங்க, புக்கு எடுக்கிறது குறைஞ்சு போச்சு.

பின்அட்டை:

அக்கா இது போதும், த்ரெட்டை இங்கயே மூடிடலாம் போல. முக்கோணம்!!

பனங்காய்:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். அண்ணை, எனக்கு உங்கட மாதிரி ஸ்டார் பிரச்சினை வாறதுக்கு முதலே வேற பிரச்சினை, நான் வாசிக்கிற புத்தகங்களில பாதி அந்த ஆப்புகளில இல்லவே இல்லை. நூலகம் எண்டு ஒரு இணைய நூலகம் இருக்கெல்லோ, 2005ல தொடங்கினது, ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகையள், பழைய பேப்பருகள் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஆரும் சும்மா வாசிக்கலாம் எண்டு விட்டிருக்கினம். நான் அதுக்குள்ள தான் கிடக்கிறனான். அதில வாசிச்சதைக் கொண்டு போய் ஏத்துவம் எண்டு பாத்தா ஐஎஸ்பிஎன் கேக்கும், அதுதான் புத்தகத்துக்குக் குடுக்கிற அடையாள நம்பர். இப்ப வாற எங்கட புத்தகங்களில 978க்குப் பிறகு 955 இல்லாட்டி 624 எண்டு இருக்கும், உங்கட இந்தியப் புத்தகமெண்டா 81 இல்லாட்டி 93. ஆனா ஐஎஸ்பிஎன் எண்ட சாமானே சர்வதேசத் தரமா வந்தது 1970ல தானே, அதுக்கு முதல் பருத்தித்துறையில ஒரு சின்ன அச்சகத்தில அடிச்ச புத்தகத்துக்கு நான் எங்க போய் நம்பர் எடுக்கிறது.

அதால நான் ஒண்டொண்டா கையால ஏத்தத் தொடங்கினனான். பேந்து பாத்தா ஒரே புத்தகத்தை ஒருத்தர் தமிழிலயும் ஒருத்தர் இங்கிலீஷ் எழுத்திலயும் இன்னொருத்தர் அதையே பிழையாவும் போட்டு மூண்டு புத்தகமா நிக்குது, எழுதினவரும் மூண்டு ஆளா நிக்கிறார். குட்ரீட்ஸில 50 புத்தகமாவது உங்கட கணக்கில இருந்தா லைப்ரேரியன் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம், கிடைச்சா இதுகளைத் திருத்தலாம், ஒண்டாச் சேர்க்கலாம். நானும் கேட்டு எடுத்திட்டன். நூலக அக்கா சிரிக்காதேங்கோ, நானும் இப்ப ஒரு லைப்ரேரியன்.

சொல்ல வந்தது இது. அப்பிடி நான் ஏத்தின ஒரு பழைய நாவலுக்கு ஒருநாள் அஞ்சு ஸ்டார் விழுந்திருந்தது. ஆரடா இது எண்டு பாத்தா கனடாவில இருக்கிற ஒரு பெடியன், எனக்கு மெசேஜும் போட்டிருந்தான், "அண்ணா இது என்ர அம்மப்பா எழுதினது, வீட்டில ஒரு பிரதியும் இல்லை, பேரைத் தேடேக்க உங்கட பக்கம் வந்தது" எண்டு. வாசிக்காமலே அஞ்சு போட்டிருக்கிறான், பாசம். எனக்கும் நெஞ்சு நிறைஞ்சு போச்சு, உடன ஸ்கேன் இருக்கிற லிங்கை அனுப்பி விட்டன். ரெண்டு கிழமையால போய்ப் பாக்கிறன், அஞ்சை மூண்டாக்கி வச்சிருக்கிறான்.

பின்அட்டை:

பேரனே மூணு தான் போடுறான்னா நான் ரெண்டு போட்டதுல என்னங்க தப்பு. இதை பிரிண்ட் எடுத்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டு போறேன்.

பாதிபடிச்சவன்:

நான் பெங்களூர்ல ஐடி. எனக்கு ஸ்டாரை விட அந்த வருஷ டார்கெட் தான் சனியன். 2021-ல வீராப்பா 60 புக்குன்னு போட்டுட்டேன், நவம்பர் வந்தப்போ 37 தான் ஆகியிருந்துச்சு, ஆப்பு வேற நீ இத்தனை புக்கு பின்தங்கி இருக்கேன்னு திறக்குறப்பல்லாம் காட்டுது, ஆபீஸ்லயும் டார்கெட் இங்கயும் டார்கெட்டான்னு கடுப்பு. அப்புறம் ஆரம்பிச்சேன் பாருங்க தில்லுமுல்லு. புக்கு வாங்கப் போனா முதல்ல முதுகு அகலத்தைப் பார்ப்பேன், 100 பக்கத்துக்கு மேல இருந்தா திரும்ப வச்சிடுவேன். பொன்னியின் செல்வனை ஒரே வால்யூம்ல படிச்சிட்டு புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம்னு அஞ்சா ஏத்தினேன். டீம்ல ஒருத்தன் ஒரே அட்டைன்னா ஒரே புக்கு தான்டான்னு சண்டைக்கு வந்தான். கல்கியில 1950-லேர்ந்து 54 வரைக்கும் வாரா வாரம் படிச்சவங்களுக்கு இந்த ஆப்பு இருந்திருந்தா எந்த வருஷக் கணக்குல எழுதியிருப்பாங்கன்னு கேட்டேன், அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. டிசம்பர் 30-ம் தேதி ராத்திரி பொண்ணுக்குப் படிச்சுக் காட்டுற யானைக்கதை ஒண்ணையும் ஏத்திட்டு 60-ன்னு முடிச்சேன். பொண்ணு "அப்பா அது என் புக்கு, நீ ஏன் எழுதுற"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி.

இப்போ ஸ்டோரிகிராஃப்னு அதே மாதிரி இன்னொரு ஆப்புக்கு மாறிட்டேன், அங்க கால் ஸ்டார் கூட போடலாம். நிம்மதியா இருக்கும்னு பாத்தா 3.75-ஆ 4-ஆன்னு ராத்திரி ஒரு மணிக்கு சீலிங்கைப் பாத்துட்டுப் படுத்திருக்கேன்.

மாறணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு: பழைய இடத்துலேர்ந்து லிஸ்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணினா சிஎஸ்வின்னு ஒரு அட்டவணை ஃபைல் வரும். அதை டபுள் கிளிக் பண்ணித் திறந்தா தமிழ்ப் பேரெல்லாம் கோடும் கொம்புமா கண்ணராவியா தெரியலாம். நான் ஏழு வருஷ லிஸ்ட் போச்சேன்னு பதறி அதை அப்படியே சேவ் வேற பண்ணித் தொலைச்சேன். ஃபைல்ல கோளாறு இல்ல, நான் திறந்த விதம் தான் தப்பு. ஷீட்டுக்குள்ள போய் இம்போர்ட் குடுத்து எழுத்துமுறை கேக்குற இடத்துல யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தா தமிழ் தமிழாவே வரும். ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு அதுல கை வைங்க.

சிவப்பு மை:

எங்க அப்பா ஸ்கூல் வாத்தியார். அவர் எந்த ஆப்பும் பார்த்ததில்ல, 192 பக்கக் கோடு போட்ட நோட்டுல தான் எல்லாம். தேதி, புக்கு பேரு, யாரு எழுதினது, எங்க வாங்கினது, கடைசிக் கட்டத்துல நூத்துக்கு மார்க். ஸ்டாரெல்லாம் கிடையாது, 35 எடுத்தா பாஸ், சிவப்பு மையில தான் போடுவார். பெரிய பெரிய எழுத்தாளர்லாம் எங்க வீட்டு நோட்டுல 40, 45-ன்னு தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகியிருக்காங்க. பக்கத்துல ஒரு வரி குறிப்பு இருக்கும், "கையெழுத்து நன்று, விடை நீளம்"ங்கிற மாதிரி. அச்சடிச்ச புக்குக்குக் கையெழுத்து எங்கேருந்து வந்துச்சுன்னு நாங்க கேலி பண்ணுவோம்.

ஒரு பேர் போன நாவலுக்கு 1987-ல 34 போட்டு பெயிலாக்கியிருக்கார். ஒரு மார்க்! நான் காலேஜ் படிக்கிறப்போ அது எனக்கு உசுரு, இதுக்குப் போயி 34-ஆன்னு அவரோட ரெண்டு நாள் பேசல. அம்மா நடுவுல வந்து "ஒரு மார்க்கு தானே, கிரேஸ் மார்க் போட்டு விடுங்களேன்"னு சொல்லிப் பார்த்தாங்க, அதெல்லாம் போட முடியாதுன்னுட்டார். "வேணும்னா மறுகூட்டலுக்கு மனு எழுதிக் குடு"ன்னார், விளையாட்டுக்குன்னு நினைச்சேன், மனுஷன் சீரியஸா சொல்றார். முழுப் பக்கத்துல எழுதிக் குடுத்தேன், ஏன் அந்த அம்மா கதாபாத்திரம் அப்படிப் பேசுறா, முடிவு ஏன் அப்படி இருக்குன்னெல்லாம். படிச்சிட்டு ஒண்ணும் சொல்லல, மடிச்சு நோட்டுக்குள்ள வச்சிட்டார். இப்போ அவர் இல்ல. போன வருஷம் வீடு மாத்துறப்போ நோட்டுங்களை அடுக்கினேன், 2003-ம் வருஷ நோட்டுல அதே நாவல் திரும்ப இருக்கு, 61. குறிப்புல "மறுமதிப்பீடு. மனுதாரர் வாதம் பாதி ஏற்கப்பட்டது"ன்னு எழுதியிருக்கார். என் மனு அந்தப் பக்கத்துல குண்டூசி குத்தி இருந்துச்சு. வாயால என்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க.

மூணாங்காப்பி:

அக்கா படிக்கிறப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா ஒரு டவுட்டு கேட்காம இருக்க முடியல, அப்பாகிட்ட ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினது யாரு? யாருக்காவது சென்டம் போட்டாரா?

சிவப்பு மை:

சென்டம் யாருக்கும் இல்ல. நானும் எல்லா நோட்டையும் புரட்டிப் பார்த்துட்டேன், இருக்கிறதுலயே அதிகம் 94, அது 1991-ம் வருஷ ரயில் டைம்டேபிள். பக்கத்துல "எழுத்து பொடி, 6 மார்க் குறைக்கப்பட்டது"ன்னு இருக்கு.