மூன்றாம் வகுப்புக்குச் சொல் தேடல் கட்டம் அமைப்பது எப்படி?

ராயபுரம் ஆசிரியை: வெள்ளிக்கிழமைதோறும் மூன்றாம் வகுப்பில் சொல் தேடல் கட்டம் தருகிறேன். பிள்ளைகள் ஆவலோடு தேடினாலும், சென்ற வாரம் 'நெத்திலி'யின் ஒற்றைக்கொம்பை நான் தனிக் கட்டத்தில் எழுதிவிட்டதால், பலர் அச்சொல்லைக் காணாமல் திகைத்தனர். எவ்வாறு அமைக்கலாம்?

தண்டையார்பேட்டை ஆசிரியர்: கொம்பு தனி எழுத்தன்று, அம்மா. 247 எழுத்துகளுள் எதுவாயினும் ஒரே கட்டத்தில் அடங்க வேண்டும் என்பதால் நெ, த், தி, லி என நான்கு கட்டங்களே போதும். மிச்சத்தை க, ச, ட போன்ற அகர வரிசை எழுத்துகளால் மட்டும் நிரப்பினால், 'த்' தனித்துத் தெரிந்து விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வேறு புள்ளி எழுத்துகளையும் ஆங்காங்கே தூவுங்கள்.

காசிமேட்டுத் தாய்: 'வஞ்சிரம்' கிடைத்ததும் என் மகன் தாள் கிழியும்வரை பென்சிலால் வட்டமிட்டான். மூலைவாட்டுச் சொற்கள்தாம் அவனுக்குக் கடினமாக உள்ளன.

ராயபுரம் ஆசிரியை: அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் 'சங்கரா'.