16 மாதம் ஆகியும் நடை வரவில்லை: பொறுப்பதா, காட்டுவதா?

வெருலம் மருமகள்:
வணக்கம். என் மகளுக்கு 16 மாதம் முடிந்துவிட்டது, இன்னும் தனியாக ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. தவழவும் இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, வீடு முழுக்கத் தேய்த்துக்கொண்டு போகிறாள், அதுவும் நல்ல வேகமாக. சோபாவைப் பிடித்து எழுந்து நிற்பாள், ஓரமாக இரண்டு மூன்று அடி நகர்வாள், கையை எடுத்தால் உடனே உட்கார்ந்துவிடுவாள். பேச்சு வருகிறது, கூப்பிட்டால் திரும்புகிறாள், வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுகிறாள். நாத்தனார் பையன் பத்து மாதத்திலேயே நடந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினால் இதே பேச்சுதான். என் வீட்டுக்காரரும் இப்படித் தேய்த்து நகர்ந்து ஒன்றரை வயதுக்கு மேல்தான் நடந்தார், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள், தானாக வரும் என்கிறார் மாமியார். வேண்டிக்கொண்டும் இருக்கிறேன், ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை. மெடிக்கல் எய்ட், அதாவது இங்கே தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவக் காப்பீடு, எங்களுக்குக் கிடையாது. முதல் குழந்தை, சிசேரியன், கடைசி வரை தலை கீழே திரும்பவில்லை, மற்றபடி நிறை மாதம், எடையும் சரி. பொறுத்திருக்கலாமா?

பீனிக்ஸ் தாத்தா:
பொறுத்திரு அம்மா. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா என்று ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறது: தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே அவ்வளவு இடைவெளி. கை கால் ஊன்றித் தவழாமலே நடைக்குப் போன பிள்ளைகளும் அதே கணக்கில் 4 சதவீதத்துக்கு மேல் இருந்தார்கள். உன் மகள் எல்லைக்குள்தானே இருக்கிறாள்? அப்பா எப்படி நகர்ந்தாரோ அப்படியே மகளும் நகர்கிறாள், இதில் நோய் எங்கே இருக்கிறது? முன்பெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மட்டும்தான் ஒப்பிடுவார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் வருகிற ஊரார் பிள்ளைகள் எல்லோரோடும் ஒப்பிட்டுத் தாய்மார்கள் நொந்துபோகிறார்கள், அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டொங்காட் அப்பா:
சக்கரம் வைத்த ஒரு வாக்கர் வாங்கி உட்கார வையுங்கள் தங்கச்சி. எங்கள் பையன் அதில்தான் கால் ஊன்றப் பழகினான், சமையல் நேரத்தில் அவன் அம்மாவுக்கும் கை ஓய்ந்தது.

லெனேசியா அக்கா:
அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஃபிசியோவாக வேலை பார்க்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். வாக்கர் வேண்டாம். பிள்ளை அதில் தொங்கிக்கொண்டு கால் விரல் நுனியால் தள்ளுகிறது, தன் எடையைத் தானே தாங்கிச் சமநிலை பிடிப்பதற்கு அங்கே வேலையே இல்லை. கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து விற்கவே தடை, காரணம் படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள். நம் பாட்டிகள் கொடுத்த மர நடைவண்டி வேறு விஷயம், அதில் பிள்ளை தானே நின்று தள்ளுகிறது, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

இனி தாத்தாவுக்கு. நீங்கள் சொன்ன எண்கள் சரி, உட்கார்ந்து தேய்த்து நகரும் பிள்ளைகள் தாமதமாக நடப்பதும் அது குடும்பத்தில் வருவதும் சரி, சில பிள்ளைகள் இரண்டு வயதைத் தொட்டுத்தான் நடக்கிறார்கள். ஆனால் இந்தத் தாய் கடைசியில் எழுதிய ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். தலை கீழே திரும்பவில்லை. பெண் குழந்தை, முதல் குழந்தை. இந்த மூன்றும் சேர்ந்தால் இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்காராமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மெடிக்கல் எய்ட் இருக்கிறதோ இல்லையோ, நடை வருகிறதோ இல்லையோ, அந்த இடுப்பை ஒருவர் கையால் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும். வெருலம் தங்கச்சி, மகளுடைய இடுப்பை யாராவது பார்த்தார்களா? எப்போதும் ஒரே கையைத்தான் ஊன்றுகிறாளா?

வெருலம் மருமகள்:
பிறந்தபோது பார்த்ததாக ஞாபகம், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. எப்போதும் வலது கையைத்தான் ஊன்றுகிறாள் அக்கா, ஆனால் பொம்மை எடுப்பது, சாப்பிடுவது எல்லாம் இரண்டு கையாலும்தான்.

பீனிக்ஸ் தாத்தா:
அக்கா சொல்வதைக் கேட்டு இந்தப் பெண்ணுக்கு இன்னும் பயம்தான் கூடும். விடியற்காலையில் கிளினிக் வரிசை, அப்புறம் ரெஃபரல் கடிதம், அப்புறம் எக்ஸ்ரே, அதற்குள் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊரே பேசும். சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளை 18 வயது வரை தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள், சீக்கிரம் நடந்ததற்கும் பிற்பாடு வந்த அறிவுக்கும் பெரிய தொடர்பு எதையும் காணவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பிள்ளையை நடந்து வரச் சொல்லும் வருகைப் பருவத்தை ஒரு வயதை ஒட்டி வைத்தார்கள் என்பதற்காக எல்லாப் பிள்ளையும் அந்த மாதத்திலேயே வந்து நிற்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றித் தரையில் விட்டுவிடுங்கள். நடக்கத் தொடங்கும் பிள்ளை தன் போக்கில் விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறது, 17 முறை விழுகிறது என்று அமெரிக்காவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். விழ இடம் கொடுக்காமல் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தால் நடை எங்கிருந்து வரும்?

லெனேசியா அக்கா:
அறிவைப் பற்றி நான் பேசவே இல்லை தாத்தா. தாமதமாக நடக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, அதையும் நான் மறுக்கவில்லை. என் சண்டை "நடந்துவிட்டால் எல்லாம் சரி" என்ற எண்ணத்தோடு. இடுப்பு மூட்டு விலகிய பிள்ளைகள் பலர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே உரிய காலத்தில் நடந்துவிடுவார்கள், கொஞ்சம் நொண்டுவார்கள் அல்லது வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பார்கள், வீட்டில் அதை அழகு என்று நினைப்பார்கள். அதனால் 17.6 மாதம் என்ற எல்லை இந்தக் கேள்விக்குப் பதில் தராது. ஆறு மாதத்துக்குள் தெரிந்தால் பெரும்பாலும் காலை மடக்கி விரித்துப் பிடிக்கும் பாவ்லிக் வார்ப்பட்டை போட்டே சரிசெய்துவிடலாம். அதைத் தாண்டினால் மயக்க மருந்து கொடுத்து மூட்டை உள்ளே வைத்து இடுப்பிலிருந்து மாவுக்கட்டு, இன்னும் தள்ளிப்போனால் அறுவை சிகிச்சை. ஒவ்வொரு மாதமும் வேலை பெரிதாகிறது. "பொறுத்திரு" என்ற சொல் இந்த இடத்தில் இலவசம் இல்லை.

வலது கை விஷயம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, இரண்டு கையாலும் எடுக்கிறாள் என்பது நல்ல செய்தி. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, ஒரு பக்கம் விறைப்பாக இருப்பது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விடுவது, இவை இருந்தால் வயது எதுவானாலும் நான் ஒரு வாரம்கூடப் பொறுக்கச் சொல்லமாட்டேன்.

மாரிட்ஸ்பர்க் அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு 19 மாதம், பிடித்துக்கொண்டு நடக்கிறான், தனியாக இல்லை. எட்டு மாதத்தில் பிறந்தவன்.

லெனேசியா அக்கா:
குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை பிறக்க வேண்டிய தேதியிலிருந்துதான் வயதைக் கணக்கிட வேண்டும், அப்படிப் பார்த்தால் அவனுக்கு ஏறக்குறைய 18 மாதம். எல்லைக் கோட்டில் நிற்கிறான், காட்டுங்கள். ஆண் பிள்ளை 18 மாதத்திலும் நடக்கவில்லை என்றால் தசை சிதைகிறதா என்று காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். டுசென் என்ற தசைநோய் அபூர்வம்தான், ஆனால் அது இருக்கும் பையன்கள் பலர் நடையில் பின்தங்குவார்கள், அந்த ஒரு பரிசோதனையில் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தைராய்டும் பார்க்கலாம், வெயிலே படாமல் ஃபிளாட்டுக்குள் வளரும் பிள்ளை என்றால் வைட்டமின் டியும்.

டொங்காட் அப்பா:
வாக்கர் பற்றிச் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஒண்டியாக வீட்டைப் பார்க்கும் தாய் அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போது பிள்ளையை எங்கே விடுவாள்? எங்கள் வீட்டில் படிக்கட்டு இல்லை.

சாட்ஸ்வொர்த் அம்மா:
அண்ணா, நானும் தனியாக இருந்து வளர்த்தவள்தான். அந்த எண்ணெய்க்காகவே வாக்கர் கூடாது. சக்கரத்தில் இருக்கும் பிள்ளை நாம் திரும்புவதற்குள் அடுப்பருகே வந்துவிடும், உயரமும் கூடிவிடுவதால் கை எட்டாத பாத்திரமும் எட்டும். பிள்ளை வெளியே வர முடியாத தடுப்புக் கட்டத்துக்குள் பாய் விரித்து இரண்டு டப்பாவும் கரண்டியும் போட்டு விடுங்கள். பிடித்து எழ முயன்றால் அதுவே பயிற்சி.

வெருலம் மருமகள்:
செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகலாம் என்று இருக்கிறேன். 18 மாத ஊசிக்கு எப்படியும் போகத்தான் வேண்டும், அதுவரை நில்லேன் என்கிறார் மாமியார். அங்கே போய் என்ன சொல்வது?

லெனேசியா அக்கா:
ஊசி வரை நிற்க வேண்டாம். ஊசியும் எடையும் எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தைக் கையில் கொண்டுபோங்கள். சிஸ்டரிடம் முதல் வாக்கியமே "குழந்தை பிரீச், இடுப்பைப் பார்க்க வேண்டும்" என்று இருக்கட்டும் (தலை கீழே திரும்பாததைத்தான் பிரீச் என்பார்கள்), நடக்கவில்லை என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். நடையில் தொடங்கினால் "பொறுத்துப் பார்ப்போம், போய் வா" என்று அனுப்பிவிடக்கூடும். படுக்க வைத்து இரண்டு தொடையையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் சமமாக விரிய வேண்டும், முழங்கால்கள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இந்த வயதில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பயன்படாது, எக்ஸ்ரேதான், அதற்கு ரெஃபரல் கேளுங்கள். பணத்துக்குப் பயப்படாதீர்கள், 1994இல் மண்டேலா அரசு அறிவித்ததிலிருந்து மெடிக்கல் எய்ட் இல்லாத ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை.

பீனிக்ஸ் தாத்தா:
இடுப்பைப் பார்க்கட்டும், தலை திரும்பாத பிள்ளை என்பதால் அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எக்ஸ்ரே சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடு அம்மா. தேய்த்து நகரும் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும் என்று அக்காவே எழுதியிருக்கிறார். அதுவரை ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிற்க வைத்து "நட, நட" என்று சொல்ல வேண்டாம். இதை உன் மாமியாரே அவர்களிடம் சொல்லட்டும், அவர் சொன்னால்தான் கேட்பார்கள்.