கைரோபிராக்டிக் கிளினிக்கை வளர்த்த அனுபவங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

பன்னிரண்டு வருடமாகக் கைரோபிராக்டராக, அதாவது முதுகெலும்பு, மூட்டு வலிகளுக்குக் கையால் சிகிச்சை தருபவராக இருக்கிறேன். சொந்தமாகக் கிளினிக் திறந்து இது ஒன்பதாவது வருடம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம், எதில் வீடியோ போடலாம் என்பதுதான். எனக்கோ ஒரு சாயங்காலம் நடந்த பேச்சுதான் உடனே ஞாபகத்துக்கு வரும். அதை எழுதிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் உங்களுடையதை எழுதுங்கள்.

முதல் வருடம் ஒரு ஆலோசகரிடம் பயிற்சிக்குப் போனேன். கிளினிக்கில் வருமானத்தைக் கூட்டுவது எப்படி என்று கற்றுத்தருபவர் அவர். திட்டம் எளிமையானது. வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் அந்தப் படத்தைக் காட்டி, வளைவு சரியில்லை, தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்று விளக்க வேண்டும். அவர்கள் முகம் வாடுகிற நேரத்தில் முப்பது முறை வருவதற்கான பேக்கேஜை எடுத்து வைக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி. நானும் அப்படியே செய்தேன். அப்பாயின்ட்மென்ட் புத்தகம் நிரம்பியது.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இடுப்புப் பிடிப்போடு வந்து பேக்கேஜ் எடுத்திருந்தார். நாலு முறையிலேயே வலி விட்டுவிட்டது. ஒன்பதாவது முறை வந்தபோது மேசையில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "தம்பி, வலி போய் மூணு வாரம் ஆச்சு. இன்னும் இருபது தடவைக்கு மேல எதுக்கு வரணும்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு, வரேன்" என்றார்.

அந்தக் கேள்விக்கென்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய எக்ஸ்ரேயில் நான் காட்டிய தேய்மானம் அந்த வயதில் பெரும்பாலோருக்கு இருப்பதுதான். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2015-ல் வந்தது. அதன்படி 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்பு வட்டில் தேய்மானம் தெரிகிறது. வயதானால் தலை நரைப்பது போலத்தான் அது. அதைக் காட்டித்தான் அவரைப் பயமுறுத்தியிருந்தேன். "வர வேண்டாம் அம்மா" என்று சொல்லி மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவருடைய நாத்தனார் வந்தார். அப்புறம் அவரோடு நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "தேவையில்லேன்னா வர வேண்டாம்னு சொல்றவர்னு கேள்விப்பட்டோம்."

பேக்கேஜை அந்த மாதமே நிறுத்தினேன். அடுத்த ஆறு மாதம் வருமானம் நன்றாகவே குறைந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்தோம். இப்போது முதல் நாளே எத்தனை முறை வர வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு முறைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்புவேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதில் 1 (தனியாகக் கிளினிக் நடத்துபவர்)

எனக்கு அந்தப் பாடம் கிடைத்தது என் இணையதளத்தால். தொடங்கியபோது தயாராக விற்கும் பக்கங்களை வாங்கி அப்படியே ஏற்றியிருந்தேன். முதுகு வலி, கழுத்து வலியோடு ஆஸ்துமா, காதுத் தொற்று, கைக்குழந்தைகள் விடாமல் அழுவது, படுக்கையில் சிறுநீர் போவது என்று பட்டியல் நீண்டது. அதை நான் ஒரு முறைகூட முழுதாகப் படித்ததில்லை.

ஒரு இரவு ஒரு அம்மா கூப்பிட்டார். குழந்தைக்குக் காய்ச்சல், காதிலிருந்து சீழ் வருகிறது. "உங்க பக்கத்துல காதுக்கும் பார்ப்போம்னு போட்டிருக்கே, காலையில கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். இப்போதே குழந்தை மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லி, அவர் கிளம்பும்வரை போனை வைக்கவில்லை. காலைவரை என்னை நம்பிக் காத்திருந்திருப்பாரே என்பதை நினைத்தால் இன்றும் மனது பதறுகிறது. அன்றிரவே அந்தப் பட்டியலை எடுத்துவிட்டேன்.

பிரிட்டனில் நடந்ததை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கைரோபிராக்டர்கள் குழந்தை நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்வதை விமர்சித்து 2008-ல் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. 2010 ஏப்ரலில் சங்கமே வழக்கைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் பொதுமக்கள் கைரோபிராக்டர்களின் இணையதளங்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஒழுங்குமுறை அமைப்பிடம் நூற்றுக்கணக்கில் புகார் கொடுத்துவிட்டார்கள். தளங்களை இறக்கிவிடுங்கள் என்று இன்னொரு சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது என் தளத்தில் இடுப்பு வலி, கழுத்து வலி, கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி, இவ்வளவுதான் இருக்கிறது. இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் முதுகெலும்புக் கைச்சிகிச்சையையும் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. அந்த ஒரு வரி எனக்குப் போதும். உலகில் 2020-ல் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காது வலியைத் தேடிப் போக நமக்கு என்ன தேவை?

பதில் 2 (15 வருட அனுபவம் உள்ளவர்)

மருத்துவர்கள் நமக்கு ஆள் அனுப்புவதில்லை என்ற குறை எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. பக்கத்திலிருந்த பொது மருத்துவர் ஒருவரிடம் மூன்று முறை துண்டுப் பிரசுரத்தோடு போய் நின்றேன். மூன்றாவது முறை வரவேற்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்த விலகலுக்குப் பழைய வேர் உண்டு. அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் புறக்கணிப்பை எதிர்த்துச் செஸ்டர் வில்க் என்பவரும் சில கைரோபிராக்டர்களும் 1976-ல் வழக்குப் போட்டு, 1987-ல்தான் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தது, மனசு மாற நேரம் பிடிக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது வயதுக்காரர், வண்டி ஓட்டுகிற வேலை. இடது காலில் இறங்கிய வலி இப்போது இரண்டு காலிலும் என்றார். நடக்க முடியாமல் வந்திருந்தார். "சீக்கிரம் ஒரு தட்டுத் தட்டி விடுங்க சார், சாயங்காலம் வேலைக்குப் போகணும்" என்று மேசையில் ஏறப் பார்த்தார். நான் உட்கார வைத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சிறுநீர் சரியாகப் போகிறதா என்றதும் தயங்கினார். இரண்டு நாளாக முக்கினாலும் சரியாக வரவில்லையாம். சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடமெல்லாம் மரத்திருக்கிறதாம். கூச்சத்தால் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இது தண்டுவடத்தின் அடியில் குதிரைவால் போலப் பிரியும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி. மணிக்கணக்கில் தாமதமானாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். அவரை நான் தொடவில்லை. என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, எதைச் சந்தேகிக்கிறேன் என்று அரைப் பக்கம் எழுதிக் கையில் கொடுத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நானே போன் செய்து அனுப்பி வைத்தேன். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. அவரிடம் அன்று நான் பணம் வாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. பிரசுரம் வாங்கி வைத்துக்கொண்ட அதே பொது மருத்துவர். அந்த வண்டிக்காரர் அவருடைய நோயாளியாம். "உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் இப்படித்தான் எப்போதும் பரிசோதிப்பீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரமே சாதாரண இடுப்பு வலிக்காரர் ஒருவரை அனுப்பினார். இன்று எனக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி அவரும் அவர் மூலம் தெரிந்த மருத்துவர்களும் அனுப்புகிறவர்கள்தான்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புதிய நோயாளியின் சம்மதத்தோடும் அவருடைய மருத்துவருக்குக் கடிதம் போகும். என்ன கண்டேன், என்ன செய்யப் போகிறேன், எதைச் செய்ய மாட்டேன், எப்போது மறுபடி பரிசோதிப்பேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. நம் தொழிலுக்கே உரிய சொற்களை அதில் எழுத மாட்டேன்.

பதில் 3 (வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர்)

நான் டாக்டர் இல்லை, போன் எடுக்கிறவள். ஆனால் எங்கள் கிளினிக்கின் முதல் பத்து நிமிடம் என் கையில்தான் இருக்கிறது.

அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். நினைவூட்டல் அனுப்பியும் பயனில்லை. ஒரு நாள் அப்படி வராத ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, திட்டமிட்டுக் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டேன்: "ஏம்மா வரல, உடம்பு எப்படி இருக்கு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கழுத்தைத் திருப்புவாங்களோன்னு பயம். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். அன்றிலிருந்து முதல் போனிலேயே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பெரும்பாலும் பேச்சும் பரிசோதனையும்தான். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார்கள். கழுத்தைத் தொட வேண்டாம் என்றால் தொட மாட்டார்கள். சத்தமே வராமல் மெதுவாகச் செய்கிற முறைகளும், கையடக்கக் கருவியும் இருக்கின்றன. எந்த உடை வசதி, எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்வேன். அந்தப் பெண் மறு வாரம் வந்தார். இப்போது அவர் அம்மாவும் வருகிறார்.

பதில் 4 (நோயாளியாக இருந்தவர்)

இதைக் கிளினிக் நடத்துகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் இலவச முதுகுப் பரிசோதனை என்று மேசை போட்டிருந்தார்கள். ஒரு காலுக்கு ஒன்றாக இரண்டு எடை இயந்திரங்களில் நிற்க வைத்து, ஒரு பக்கம் எடை அதிகம், தோள் இறங்கியிருக்கிறது, நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம் என்றார்கள். எனக்கு அதுவரை எந்த வலியும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் குனியப் பயந்தேன், பளு தூக்கப் பயந்தேன், பிள்ளையைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டேன். பயத்தில் விறைப்பாகவே இருந்து கடைசியில் முதுகு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்தது.

தோழி ஒருத்தி சொல்லி வேறொரு கைரோபிராக்டரிடம் போனேன். அவர் முழுதாகப் பரிசோதித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற உடம்பு யாருக்குமே இல்லம்மா. பிள்ளையைத் தூக்குங்க" என்றார். அன்று சாயங்காலம் தூக்கினேன். இலவச மேசை போடுங்கள், தவறில்லை. எப்படி உட்காருவது, எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுங்கள். ஆரோக்கியமாக வந்தவரைப் பயந்தவராக அனுப்பாதீர்கள்.

பதில் 5 (4 வருடமாகக் கிளினிக் நடத்துபவர்)

விளம்பரம் நம் தொழிலுக்குப் புதிதல்ல. 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டி.டி. பால்மரின் மகன் பி.ஜே. பால்மர், வானொலி பிறந்த கொஞ்ச காலத்திலேயே, 1922-ல் ஒரு நிலையத்தையே வாங்கியவர். அதனால் வீடியோ போடுவதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. முதுகிலும் கழுத்திலும் நெட்டி முறிகிற சத்தத்தை மைக் வைத்துப் பிடித்துப் போட்டேன். பார்வைகள் குவிந்தன, ஆட்களும் வந்தார்கள்.

ஒரு இளைஞர் வந்தார். தோள்பட்டைகளுக்கு நடுவே பிடிப்பு. சிகிச்சை கொடுத்ததும் திரும்ப முடிந்தது, வலியும் குறைந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. "சரியா செய்யலையே, வீடியோல வந்த மாதிரி வரலையே" என்று மூன்று முறை மறுபடி செய்யச் சொன்னார். அந்தச் சத்தம் மூட்டுக்குள்ளிருக்கும் திரவத்தில் சட்டென்று வாயுக் குழி உண்டாவதால் வருவது என்றும், 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.க்குள் இழுத்துப் படமெடுத்தே காட்டினார்கள் என்றும், எலும்பு இடம் மாறுவதல்ல என்றும் விளக்கினேன். அவர் திருப்தி இல்லாமல் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சத்தத்தைக் காட்டி அழைத்தது நான்தானே.

அவற்றை எல்லாம் எடுத்துவிட்டேன். கழுத்துச் சிகிச்சையில் அரிதாக ரத்தக் குழாய் கிழியும் ஆபத்து உண்டு என்று சொல்லி, சம்மதம் வாங்க வேண்டிய ஒன்றை வேடிக்கையாகக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் உறுத்தியது. இப்போது ஒரு நிமிட வீடியோக்கள் போடுகிறேன். இடுப்புப் பிடித்தவர் காலையில் படுக்கையிலிருந்து எழுவது எப்படி: ஒருக்களித்துப் படு, கால்களை விளிம்புக்கு வெளியே இறக்கு, கையை ஊன்றி எழு. பார்வைகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதைப் பார்த்து வருகிறவர்கள் உட்கார்ந்ததும் வலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது பதிலை எங்கள் வரவேற்பில் இருப்பவரிடம் படித்துக் காட்டினேன். இன்றே போனில் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டார்.

மோசமான கூகுள் ரிவ்யூ வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எனக்கும் ஒரு முறை வந்தது. "நீங்கள் மூன்று முறைதான் வந்தீர்கள், பயிற்சியும் செய்யவில்லை" என்று பதில் எழுதி முடித்து, அனுப்பும் முன் நிறுத்தினேன். அவர் என்னிடம் வந்தார் என்பதை ஊரறியச் சொல்வதே அவருடைய ரகசியத்தை மீறுவதுதான். புகழ்ந்து எழுதியதை எடுத்துப் போடுவதிலும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நோயாளிகளின் சான்றுரைகளை விளம்பரத்தில் பயன்படுத்தச் சட்டமே தடை விதிக்கிறது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பொதுவாக, "உங்கள் குறையைக் கேட்க விரும்புகிறேன், தயவுசெய்து கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். சிகிச்சையில் அவருக்குக் குறை இல்லை. மூன்று முறையும் அரை மணி நேரம் காக்க வைத்திருந்தோம். அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து இரண்டு அப்பாயின்ட்மென்டுகளுக்கு நடுவே கூடுதலாகப் பத்து நிமிடம் விட்டிருக்கிறேன்.