ஆன்லைன் ஜெர்மன் கிளாஸ்: தானா படிக்க வைக்கிறது எப்படிங்க?

திருச்சி_டீச்சர்:
ஜெர்மன்ல பி1 (நடுத்தர லெவல்) பேட்ச் எடுக்கறேன், 14 பேரும் நர்ஸ், ஜெர்மனி போக ரெடியாகறவங்க. ராத்திரி 8 மணிக்கு ஜூம் திறந்தா 14 கறுப்புக் கட்டம்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டா "கேக்குது மேம்"னு ஒரு குரல் வரும், அவ்ளோதான். வாட்ஸ்அப்ல ஹோம்வொர்க் போட்டா கட்டைவிரல் வரும், ஹோம்வொர்க் வராது. பிடிஎஃப் நானே, வார்த்தை லிஸ்ட் நானே, ஞாபகப்படுத்தறதும் நானே... ஒருநாள் எனக்கு நெட் போச்சுன்னா அன்னைக்கு ஒருத்தரும் புக்கைத் தொடறதில்ல.

கோவை_கண்ணன்:
மேடம், எல்லாத்தையும் நீங்களே ஊட்டி விட்டா அவங்க ஏன் கையை நீட்டப் போறாங்க? கோயதே இன்ஸ்டிட்யூட் நடத்தற பி1 பரீட்சைல படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறதுன்னு 4 மாட்யூல், ஒவ்வொண்ணுக்கும் 100க்கு 60 வேணும், தனித்தனியாவும் எழுதலாம். எதை முதல்ல எழுதப்போறேன்னு அவங்களையே முடிவு பண்ணச் சொல்லுங்க. கேக்கறதுல வீக்கா இருக்கறவங்களுக்கு டாய்ச்ச வெல்லேங்கற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தோட சைட்ல மெதுவா வாசிக்கிற செய்தி ஃப்ரீயாவே இருக்கு, பஸ்ல போறப்ப கேக்கலாம்.

நைட்_டியூட்டி:
நான் அந்தக் கறுப்புக் கட்டத்துல ஒருத்தி மேம் 😅 ஹாஸ்டல் ரூம்ல 3 பேர், ஒருத்தி தூங்கிட்டிருப்பா, கேமராவை எப்படி ஆன் பண்றது? எனக்கு உதவினது வாய்ஸ் நோட்தான். டியூட்டி முடிஞ்சு வர்றப்ப அன்னைக்கு வார்டுல பண்ணினதை ஒரு நிமிஷம் ஜெர்மன்ல பேசி எனக்கே அனுப்பிக்குவேன். ரெண்டு வாரம் கழிச்சு பழசைப் போட்டுக் கேட்டா, பிபிக்கு "தாஸ் ப்ளூட்ட்ருக்"னே சொல்லிட்டிருந்திருக்கேன், அது "டேர்", ஆண்பால் சொல்! யாரும் திருத்தல, என் காதுலயே உறுத்துச்சு, அதுக்கப்புறம் அந்தத் தப்பு வரவே இல்ல.

பழைய_வாத்தி:
எல்லாத்தையும் அவங்க இஷ்டத்துக்கு விட்டுடாதீங்கம்மா. நான் ஒருதடவை "பிடிச்சதைப் படிங்க"ன்னு விட்டேன், மூணாவது வாரம் பாதிப்பேர் காணோம். மூணு வேலை கொடுத்து அதுல ஒண்ணை எடுத்துக்கோங்கன்னு சொன்னா போதும், எந்த நாள்னும் அவங்களே குறிக்கட்டும்.

திருச்சி_டீச்சர்:
வாய்ஸ் நோட் ஐடியா சூப்பர், ஆனா தினமும் 14 நோட் கேட்டுட்டு உக்காந்தா நான் எப்ப சோறு திங்கறது?

நைட்_டியூட்டி:
ஐயோ நீங்க கேக்காதீங்க மேம்! ரெண்டு ரெண்டு பேரா சேத்து விட்டுடுங்க, ஒருத்தருது இன்னொருத்தர் கேட்டு ஒரே ஒரு தப்பு மட்டும் சொல்லணும். ஒரே ஷிஃப்ட்காரங்களா சேருங்க, இல்லன்னா ஒருத்தி அனுப்பறப்ப இன்னொருத்தி தூங்கிட்டிருப்பா.