புது வைன் ஸ்டோர்ஸ் வேண்டுமா? விலை ஏறினால் குடி இறங்குமா?

சாம்பல்தீவு டீச்சர்
திருகோணமலையில் எங்கள் பக்கம் இன்னொரு வைன் ஸ்டோர்ஸ், அதாவது சாராயக் கடை, வரப்போகிறது என்று கதை. மாதர் சங்கம் எதிர்ப்புக் கடிதம் எழுதுகிறது, நானும் ஒப்பமிடுகிறேன். என் வகுப்பில் சில பிள்ளைகள் சாப்பிடாமல் வருவது காசில்லாத நாளில் அல்ல. கரைவலையில் மீன் நல்லாய்ப் பட்டதற்கு அடுத்த நாள்தான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை
டீச்சர், கவலை எனக்கும் உண்டு. ஆனால் கடையை மறிப்பதால் குடி நிற்காது. இலங்கையில் மதுவரியை 2023 ஜனவரியில் 20 வீதம் ஏற்றினார்கள், ஜூலையில் மறுபடி 20 வீதம். 2024 ஜனவரியில் இன்னும் 14 வீதம். கடைச் சாராயம் விற்பது குறைந்தது. குடித்தவர்கள் எங்கே போனார்கள்? பலர் கசிப்புக்கு, அதாவது கள்ளச் சாராயத்துக்குப் போனார்கள். கசிப்புக்கு வரியும் இல்லை, கடை பூட்டுகிற போயா (பௌர்ணமி) தினமும் இல்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கவும் ஆளில்லை.

சோவியத்தில் 1985இல் தலைவர் கொர்பச்சேவ் மதுக் கடைகளைக் குறைத்தார், விலையை ஏற்றினார். திராட்சைத் தோட்டங்களைக்கூடப் பிடுங்கினார்கள். சனம் வீட்டில் காய்ச்சத் தொடங்கியது, கடைகளில் சீனி கிடைக்கவில்லை, அரசின் வருமானத்திலும் பெரிய ஓட்டை விழுந்தது. இங்கேயும் பற்றைக்குள் கசிப்புக்கு ஊறல் போடும் கோடா பரல்தான் கூடும்.

சம்பூரான்
எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2006இல் சண்டையால் சம்பூரை விட்டு இடம்பெயரும் வரை எங்களுக்கு வயலும் மாடும் இருந்தன. அப்பா அப்போதும் குடிப்பார், கோயில் திருவிழாவுக்கு, கலியாண வீட்டுக்கு. முகாமுக்குப் போன பிறகு நாள்கூலி. வீட்டில் மூட்டையாய் அடுக்கியிருந்த நெல்லுக்கு அம்மாவும் சொந்தக்காரி, அவளைக் கேட்காமல் ஒரு மூட்டை வெளியே போகாது. அந்தியில் கையில் வரும் நோட்டு அப்படி இல்லை, அது அப்பாவின் சட்டைப் பைக்கு மட்டும்தான் தெரியும்.

2009இல் சண்டை முடிந்தது, கிண்ணியாப் பாலமும் திறந்தார்கள். அதே வீதியால் தவணைக் கடன் கொடுக்கும் லீசிங்காரரும் வந்தார்கள், பியர் லொறியும் வந்தது. அப்புறம் விலை ஏற ஏற அப்பா கால் போத்தலைக்கூடக் குறைக்கவில்லை. அம்மாவின் சீட்டு நின்றது, தங்கச்சியின் டியூசன் நின்றது. கடைசியில் தோடும் அடகுக்குப் போனது. குடித்தவர் அப்பா, அந்த வரியைக் கட்டியவள் அம்மா. அதனால் வரியை ஏற்று என்று யாரும் சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும்.

சாம்பல்தீவு டீச்சர்
தம்பி, உங்கள் அம்மாவைப் போல பத்துப் பேரை எனக்கும் தெரியும். ஆனாலும் விலை தேவை. அது உங்கள் அப்பாவுக்காக அல்ல, இன்னும் தொடங்காத பெடியன்களுக்காக. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டத்தைவிட விலைதான் அவர்களை மறிக்கிறது. வீட்டு வாசலில் கடை இருந்தால் அந்த மறிப்பும் பாதியாகும்.

கணக்குப்பிள்ளை ஐயா, சீனியைச் சொன்னீர்கள், உயிர்க்கணக்கைச் சொல்லவில்லை. அந்த 1985க்குப் பிறகு இரண்டு மூன்று வருடத்தில் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 62இலிருந்து 65க்குக் கிட்டப் போனது. கட்டுப்பாடு தளர்ந்து, நாடும் உடைந்து, வொட்கா மலிந்த பிறகு 1994இல் 58க்கும் கீழே விழுந்தது. வேலை போனதும் சேமிப்பு போனதும் அதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. அப்படி எல்லாம் இழந்து நிற்கிற சனத்தின் முன்னால் மலிவான போத்தலை வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை
ஆயுள் கணக்குச் சரி. அதை நான் விட்டது பிழை. ஆனால் ஒன்றைக் கடிதத்தில் கட்டாயம் சேருங்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், சிலர் இறந்தும் போவார்கள். கடையை மறிக்கச் சொல்கிறவர்கள் அவர்களை வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகவும் ஆள் வைக்க வேண்டும்.

சம்பூரான்
இன்னொன்று. சம்மாட்டிமாரிடம், அதாவது கரைவலை முதலாளிமாரிடம் கேளுங்கள், தொழிலாளியின் பங்குக் காசை அந்தியில் கொடுக்காமல் மறுநாள் காலையில் கொடுக்கட்டும். முடிந்தால் வீட்டுக்காரியும் நிற்கட்டும்.

சாம்பல்தீவு டீச்சர்
இரண்டையும் எழுதுகிறேன். ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம். ஐயா, வருவீர்களா?

கணக்குப்பிள்ளை
வருகிறேன். கடை விஷயத்தில் ஒப்பமிட மாட்டேன். மற்ற இரண்டுக்கும் போடுவேன், தனித்தாளில் எழுதி வையுங்கள்.